தபால்தலை தேவையில்லை

மருந்துக்கடையில் இரவுப் பணி.
பதினொன்றுக்கு மேல் வருகிறவர்கள் இரண்டு வகை:
பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டவர்கள்,
தூக்கம் தொலைத்தவர்கள்.
இன்று ஒருவரும் வரவில்லை.
கைபேசியில் எங்கள் ஊர்ப் பெயரைத்
தட்டிப் பார்த்தேன், சும்மா.

போசோ தாஸ் காப்ராஸ். ஆட்டுக்கிணறு என்று பொருள்.
பிரேசில் வரைபடத்தில்
ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகும்.

எண்பத்தாறாம் ஆண்டு.
புதிதாக அரசியல் சட்டம் எழுதப் போகிறோம்,
உங்களுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள் என்று
தபால் நிலையங்களில் ஒரு படிவம் வைத்தார்களாம்.
எழுதி, மடித்து, ஒட்டிப் போட்டால்
தலைநகருக்குப் போய்விடும்.
தபால்தலை தேவையில்லை.

போனதெல்லாம் இப்போது திரையில்.
கடவுச்சொல் கேட்கவில்லை. காசு கேட்கவில்லை.
நீ யார், எதற்கு என்று
புருவம் தூக்க அங்கே ஒரு நாற்காலி இல்லை.

எங்கள் ஊரிலிருந்து ஏழு.

லாரி ஓட்டும் தெயோக்ளேசியோ
சாலைக் குழிகளைச் சட்டத்தில் சேர்க்கச் சொல்கிறார்,
கிலோமீட்டர் கணக்கோடு.
வங்கிகளைப் பற்றி ஒருவர் மூன்று வரி,
அதில் இரண்டு வசவு.
ஒரு மாணவன்: மரண தண்டனை வேண்டாம்,
முடிந்தால் கணக்குப் பாடமும்.
நான்காவது முழுக்க மழை.

ஐந்தாவது தட்டச்சில்.
தோனா எர்மெங்கார்தா.
தேவாலயத்துக்கு எதிர்வீடு, நீலச் சன்னல்கள்.
பதினாறு வருஷம் என் அம்மா துடைத்த சன்னல்கள்.

"வீட்டு வேலை செய்கிறவர்கள்
குடும்பத்தில் ஒருவர் மாதிரி.
ஓய்வு நாள், விடுமுறை என்று
குடும்பத்துக்குள் சட்டம் நுழைந்தால்
பாசம் கெட்டுவிடும்."
பாசத்தின் அடியில் மட்டும் சிவப்பு நாடாவில் கோடு.

அந்த வீட்டிலிருந்து தபாலுக்குப் போவது யார்?
ரொட்டிக்கும் மண்ணெண்ணெய்க்கும் போகிற வழியில்
தனக்கு எதிரான மனுவைத்
தன் பாவாடைப் பையிலேயே வைத்து
கசங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள்.
திரையில் ஒரு மடிப்புச் சுருக்கம் இல்லை.
எனக்கு வாய் கசந்தது.

ஆறாவது.
அதே நாள் முத்திரை, அடுத்த எண்.
பெண். வயது முப்பத்தொன்று. படிப்பு இல்லை.
தொழில்: வீட்டு வேலை.
பெயருக்கான கட்டத்தில் ஒரு கைநாட்டு.
நகலெடுத்த எந்திரத்துக்கு அது வெறும் மைக்கறை;
அட்டவணையில் அங்கே ஒரு கேள்விக்குறி.
வாசகம், தபால் குமாஸ்தாவின் சரிந்த எழுத்தில்:

"ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்."

பிறகு ஓரத்தில், நெருக்கிக்கொண்டு: "முழுசாக."

இரண்டு விரலால் பெரிதாக்கினேன்.
ரேகை பெரிதாகவில்லை,
சதுரம் சதுரமாக உடைந்தது.

அம்மாவுக்கு அப்போது முப்பத்தொன்றா?
அவள் பிறந்த வருஷம் அவளுக்கே உத்தேசம்தான்.
அந்த ஊரில் கைநாட்டு வைத்த பெண்கள்
ஒரு தெருவுக்குப் பத்துப் பேர்.

இரண்டு வருஷத்தில்
ஞாயிற்றுக்கிழமை சட்டத்தில் ஏறியது.
வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு ஏற
மேலும் கால் நூற்றாண்டு.
இந்தக் கணக்கு எனக்குத் தெரியும்;
நானும் நான்கு வருஷம் ஒரு வீட்டில் இருந்தவள்.

ஏழாவதைத் திறப்பதற்குள்
காய்ச்சல் மருந்து கேட்டு ஒருவர் மணியடித்தார்,
தோளில் பிள்ளை, காலில் ஜோடி மாறிய செருப்பு.
சொட்டுக் கணக்கை அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.

ஆறு மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்தேன்.
படித்துக் காட்டினேன், ஐந்தை விட்டுவிட்டு.
அந்தப் பக்கம் பிரஷர் குக்கர்
பீன்ஸோடு சீறிக்கொண்டிருந்தது.
"தபால் ஆபீசா? யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்றாள்.
சம்பளம் வந்ததா என்றாள்.
மழை உண்டா என்றாள்.

வைக்கப் போகிற நேரத்தில்,
"அந்தக் குமாஸ்தா நல்ல பையன்.
காதுதான் மந்தம்.
எதையும் ரெண்டு தடவை சொல்லணும்."